வினை வரும்வரை காது காத்திருக்கிறதா?

ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'இல்லை', 'கூடாது', 'மாட்டேன்' எல்லாம் அதற்கும் பின்னால். அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை சொற்களை மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு, வினை வந்ததும்தான் மொத்தமாகப் புரிந்துகொள்கிறோமா? ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறதே, அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரியுமா?"

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்பவரின் மனம் எந்தக் கணத்தில் எந்த வேலையைச் செய்கிறது என்பது ஒன்று. மொழியின் சொல்வரிசை அந்த வேலையைத் தாமதப்படுத்துமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சோதனைகள் உறுதியான விடை தருகின்றன: சோதித்துப் பார்த்த எந்த மொழியிலும் கேட்பவர் வாக்கியம் முடியும்வரை சும்மா இருப்பதில்லை. இரண்டாவதில் பாதி உறுதி, பாதி இன்னும் விவாதம். என் கணிப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வினை செய்கிற வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் வேற்றுமை உருபு முன்னதாகவே செய்துவிடுகிறது. நாம் உண்மையிலேயே காத்திருக்கிற, சில சமயம் ஏமாறுகிற இடங்களும் உண்டு. அவை எவை என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

காத்திருப்பதில்லை என்பதற்கு எளிய சான்று, கேட்டதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனை. ஹெட்போனில் ஒரு பத்தி ஓடும். கேட்கக் கேட்கவே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் சிலர் மூலப் பேச்சுக்கு 250 மில்லி விநாடி மட்டுமே பின்தங்கியிருந்தார்கள். சாதாரணப் பேச்சில் விநாடிக்கு 4, 5 அசை ஓடும் என்று கொண்டால், இது ஓர் அசைக்குச் சற்று மேல். (உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை என்று இங்கே வைத்துக்கொள்ளுங்கள், யாப்பில் சொல்லும் அசை வேறு.) அந்த வேகத்தில் கிளிப்பிள்ளை போலத்தான் ஒப்பிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் அவர்கள் செய்த பிழைகளைப் பாருங்கள்: தவறிச் சொன்ன சொல்லும் அதுவரை வந்த வாக்கியத்தின் இலக்கணத்துக்கும் பொருளுக்கும் பொருந்தியே இருந்தது. 1975-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பதிவில் சில சொற்களின் ஓர் அசையை வேண்டுமென்றே கெடுத்து வைத்தார்; 'கம்பெனி' என்ற சொல் 'கம்ப்சினி' என்று ஒலிக்கும். திருப்பிச் சொன்னவர்கள் பல தடவை தயக்கமே இல்லாமல் சரியான சொல்லைச் சொன்னார்கள். சுற்றியுள்ள வாக்கியம் பொருளோடு இருந்தபோது இது அதிகமாக நடந்தது. கால் விநாடிக்குள் ஒலியும் சொல்லும் இலக்கணமும் பொருளும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

அடுக்கி வைப்பதற்கான கிடங்கும் மிகச் சிறியது. ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் ஒரு பத்தியைக் கேட்கவைத்து, அதில் வந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றித் திரும்பச் சொல்லி, "இதே வாக்கியமா?" என்று கேட்டார். உடனே கேட்டால் சொல்லமைப்பில் வந்த மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். இடையில் 80 அசை கடந்தபின் கேட்டால், செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியிருந்ததைக்கூடப் பெரும்பாலும் கவனிக்கவில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் பிடித்துவிட்டார்கள். 80 அசை என்பது அரை நிமிடப் பேச்சுகூட இல்லை. சொற்கள் வந்தவுடன் பொருளாகக் கரைகின்றன, உருவம் உதிர்ந்துபோகிறது.

இனி ஒரு சொல்லின் அளவுக்கு இறங்கிப் பார்க்கலாம். எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி ஒன்றும் இல்லை. "அவன் எங்கே" என்பது 'அவனெங்கே' என்று ஒரே ஓட்டமாக வரும். மாறாக 'பட்டு' என்ற ஒரே சொல்லின் நடுவில், ட்ட ஒலிக்க நாக்கு மேலண்ணத்தை அடைத்து நிற்கும் நேரத்தில், உண்மையான மௌனம் இருக்கிறது. மௌனத்தை நம்பிச் சொல்லைப் பிரிக்கப் போனால் தலைகீழாகத்தான் முடியும். ஆகவே கேட்பவர் வேறு குறிகளைப் பிடிக்கிறார். ஒவ்வொரு மொழிக்காரரும் தம் மொழியின் ஒலியொழுங்கையே கத்தியாக வைத்துச் சொல் பிரிக்கிறார்கள் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி: ஆங்கிலம் பேசுவோர் அழுத்தமான அசையில் சொல் தொடங்கும் என்று கொள்கிறார்கள், ஜப்பானியர் தங்கள் மாத்திரையளவை வைத்துப் பிரிக்கிறார்கள். தமிழில் கைக்கு எட்டும் குறிகள் என்னென்ன? ட, ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகவே 'ழ' காதில் விழுந்தால் சொல்லின் நடுவிலோ முடிவிலோ இருக்கிறோம். தமிழ்ச் சொல்லின் முதலில் 'க' வல்லோசையாக வரும், இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் மெலிந்துவிடும். இவை காதுக்குப் பயன்படக்கூடிய குறிகள் என்பது இலக்கணத்திலிருந்து நான் செய்யும் ஊகம். மற்ற மொழிகளில் இதே வகைக் குறிகள் பயன்படுவது சோதனையில் தெரிந்தது என்பதுதான் இதற்குப் பின்பலம்.

சொல் தொடங்கியதும் அந்த ஒலியில் தொடங்குகிற சொற்கள் எல்லாம் மனதில் ஒன்றாக விழிக்கின்றன. 'பா' என்றதும் பால், பாய், பாட்டி, பாத்திரம், பாம்பு எல்லாம். அடுத்த ஒலி வர வர, ஒவ்வாதவை ஒதுங்குகின்றன. அடுத்த ஒலி முழுதாக வரவேண்டியதுகூட இல்லை: 'பாம்பு' என்று சொல்ல வாய் தயாராகும்போதே 'பா'வின் நீளத்தில் பிற்பாதி மூக்கோசை ஏறிவிடுகிறது. பாலும் பாத்திரமும் அங்கேயே விழுந்துவிடும். பொருளுள்ள தொடர்ப் பேச்சில் ஒரு சொல் தொடங்கிச் சுமார் 200 மில்லி விநாடியில், பெரும்பாலும் அது முடிவதற்குள், அடையாளம் தெரிந்துவிடுகிறது என்று மார்ஸ்லன்-வில்சனும் லொரெய்ன் டைலரும் 1980-இல் கணக்கிட்டார்கள். ஆரம்பத்தில் தப்பான ஒலி விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகுமா என்றால் அதுவும் இல்லை. 1998-இல் வந்த ஒரு கண்ணசைவு ஆய்வில், ஆங்கிலத்தில் 'பீக்கர்' (ஆய்வகக் குவளை) என்று கேட்டவர்கள் முதலில் 'பீட்டில்' வண்டின் படத்தையும் சமமாகப் பார்த்தார்கள். சற்றுப் பின்னால், குறைந்த அளவில், ஓசை மட்டும் ஒத்த 'ஸ்பீக்கர்' படத்தையும் பார்த்தார்கள். அதாவது, முதல் ஒலி பொருந்தாத சொல்லுக்கும் கதவு முழுவதும் அடைபடுவதில்லை.

தமிழில் இந்த அளவில் ஓர் அழகான வசதி இருக்கிறது. 'வீடு' என்பதில் 'டு' குறுகி, மெலிந்து வரும். 'வீட்டை', 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்றால் ட்ட. நாக்கு அடைத்து நிற்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நீண்ட அடைப்பு கேட்டவுடன், உருபு இன்னும் வாயிலிருந்து வராதபோதே, இது எழுவாய் இல்லை, பின்னால் ஓர் உருபோ இன்னொரு பெயரோ வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. 'மரம்' என்பதும் 'மரத்து' என்று மாறினால் அதே கதை. ஒற்று இரட்டித்தல், சாரியை என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்துபோன விஷயம், காதுக்கு ஒரு முன்னறிவிப்புப் பலகை.

இதை யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவசச் செயலியில் ஒரு சொல்லைப் பதிவு செய்து, தொடக்கத்திலிருந்து 50 மில்லி விநாடி, 100, 150 என்று வளரும் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் போட்டு, என்ன சொல் என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று 1 முதல் 7 வரை மதிப்பும் கேளுங்கள். இதில் மூன்று இடங்களில் தப்பு வரும். ஒலியலை பாதியில் வெட்டப்பட்டால் 'டக்' என்று ஓர் ஓசை வரும். அது காதுக்கு 'ட', 'ப' போன்ற வல்லெழுத்தாகக் கேட்டு ஏமாற்றும். அலை சுழியை (பூஜ்யக் கோட்டை) கடக்கும் இடத்தில் வெட்டி, கடைசி 5 மில்லி விநாடியை மெல்ல மங்கவிட வேண்டும். இரண்டாவது, ஒரே ஆளுக்கு எல்லாத் துண்டுகளையும் வரிசையாகப் போட்டால், முதலில் ஊகித்த சொல்லையே அவர் பிடித்துக்கொண்டிருப்பார். ஆளுக்கு ஒரு நீளம் என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. மூன்றாவது, சொல்லைத் தனியாகச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். தனியாகச் சொன்னால் இழுத்துச் சொல்வோம். வாக்கியத்தில் சொல்லி, அதிலிருந்து வெட்டி எடுங்கள்.

இரண்டு பொருள் உள்ள சொல் வந்தால்? 'மாலை' என்றால் பொழுதும் உண்டு, பூவும் உண்டு. பூக்கடை வாசலில் நின்று "மாலை" என்றால் பொழுது நினைவுக்கே வராது என்றுதான் நமக்குத் தோன்றும். டேவிட் ஸ்வின்னி 1979-இல் ஆங்கிலத்தில் 'பக்ஸ்' என்ற சொல்லை வைத்துச் சோதித்தார். அதற்குப் பூச்சிகள், ஒட்டுக்கேட்கும் கருவிகள் என்று இரு பொருள். பூச்சிகளைப் பற்றிய பேச்சு என்று தெளிவாக இருந்தபோதும், அந்தச் சொல் முடிந்த உடனே திரையில் 'எறும்பு', 'ஒற்றன்' இரண்டில் எது வந்தாலும் அதை அடையாளம் காணும் வேகம் கூடியிருந்தது. மூன்று அசை கழித்துத் திரையில் காட்டியபோது 'எறும்பு'க்கு மட்டும்தான் அந்த வேகம். நாம் அறியாமல் இரு பொருளும் எழுந்து, ஒரு விநாடிக்குள் ஒன்று அடங்கிவிடுகிறது. சூழல் மிக வலுவாக இருந்தால் வேண்டாத பொருள் எழுவதே இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; அந்த வாதம் முடியவில்லை.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். இதை அளக்க இன்று அதிகம் பயன்படும் முறை, படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்கவைத்துக் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்வது. கண்ணை நகர்த்த மூளை கட்டளையிட்டு அது நகர்வதற்குச் சுமார் 200 மில்லி விநாடி ஆகும்; அதைக் கழித்துக் கணக்கிடுவார்கள். ஜெரி ஆல்ட்மனும் யூகி கமிடேயும் 1999-இல் ஒரு படம் காட்டினார்கள்: ஒரு பையன், ஒரு கேக், சில விளையாட்டுப் பொருள்கள். ஒரு வாக்கியம் "பையன் கேக்கைத் தின்னப்போகிறான்", மற்றது "பையன் கேக்கை நகர்த்தப்போகிறான்". ஆங்கில வரிசையில் வினை முதலில் வரும். 'ஈட்' என்று கேட்டவர்களின் கண், 'கேக்' என்ற சொல் வருவதற்கு முன்பே கேக்குக்குப் போய்விட்டது. படத்தில் தின்னக்கூடியது அது ஒன்றுதான். 'மூவ்' என்று கேட்டவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. வினை முன்னால் வருவதால் கிடைக்கும் லாபம் இது. கேள்வி கேட்டவர் மனதில் இருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதே குழுவினர் 2003-இல் ஜப்பானிய மொழிக்குப் போனார்கள். அது நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும் மொழி. படத்தில் உணவகத்தில் பரிமாறும் பெண், ஒரு வாடிக்கையாளர், ஒரு ஹாம்பர்கர். ஒரு வாக்கியத்தில் "பரிமாறும் பெண் வாடிக்கையாளருக்கு, மகிழ்ச்சியோடு..." என்று 'நி' உருபு, இன்னொன்றில் "வாடிக்கையாளரை, மகிழ்ச்சியோடு..." என்று 'ஒ' உருபு. நான்காம் வேற்றுமையைக் கேட்டவர்களின் கண், 'மகிழ்ச்சியோடு' என்பது ஓடும்போதே, ஹாம்பர்கருக்கு அதிகமாகப் போனது. ஆளுக்கு என்றால் ஒரு பொருள் வேண்டும். கொடுப்பதற்குரிய பொருள் அங்கே அதுதான். 'ஆளை' என்றபோது அந்தத் தேடல் இல்லை. வினை எங்கோ பின்னால் இருக்கிறது. கண் அதற்காக நிற்கவில்லை.

தமிழை வைத்து நடந்த இத்தகைய ஆய்வுகள் ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் மேலே சொன்ன ஜப்பானிய வாக்கியமும் தமிழ் வாக்கியமும் உருபுக்கு உருபு பொருந்துவதால், நம் காதும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கினால் எத்தனை வழிகள் அடைபடுகின்றன பாருங்கள். பிடிக்கும், தெரியும், பசிக்கிறது, வேண்டும், கொடுத்தார் என்று ஒரு சிறு கூட்டம்தான் மிச்சம். ஓடினேன், தூங்கினேன் எல்லாம் வெளியே. "எனக்கு அவர..." என்று நீண்டால் பிடிக்கும், தெரியும் என்பவை முன்னுக்கு வந்து நிற்கும். வினை வரும்போது அது தெரிந்தவர் முகம் போல வருகிறது. ஜெர்மன் மொழியில் லார்ஸ் கோனியெட்சினி 2000-இல் காட்டியதும், பிறகு ஷ்ரவண் வசிஷ்ட் இந்தியில் காட்டியதும் இதனோடு ஒத்துப்போகின்றன: வினைக்கு முன்னால் கூடுதல் சொற்கள் வந்து வினை தள்ளிப்போனபோது, சில அமைப்புகளில் அந்த வினையைப் படிக்க ஆன நேரம் குறைந்தது. முன்னால் வந்தவை வினையை ஊகிக்க உதவியிருக்கின்றன. இவை படித்து அளந்தவை, கேட்டு அளந்தவை இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

உருபு இல்லாத பெயர் வந்தால் அவ்வளவு வசதி இல்லை. அஃறிணைப் பெயருக்கு 'ஐ' விடுபடலாம் என்பதால் "தண்ணி..." என்று கேட்டதும் அது கொட்டியதா, யாராவது குடித்தார்களா என்று தெரியாது. ஆனால் அப்போதும் மனம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

காது உண்மையிலேயே தடுக்கி விழுகிற இடம் பெயரெச்சம். இந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கேளுங்கள்: "கமலா குழந்தையை அடித்த பையனைக் கூப்பிட்டாள்." 'கமலா குழந்தையை' என்றதும், கமலா குழந்தைக்கு ஏதோ செய்கிறாள் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. 'அடித்த' வந்ததும் முடிச்சு இறுகுகிறது: அடித்தது கமலா. 'அடித்த' என்பது பெயரெச்சம், ஒரு பெயர் வரவேண்டும். அது 'குச்சி' என்றோ 'நாள்' என்றோ வந்தால் கமலா அடித்ததாகவே நிற்கும். ஆனால் வந்தது 'பையனை'. இப்போது அடித்தவன் பையன். கமலாவை அந்தச் செயலிலிருந்து பிடுங்கி எடுத்து, இன்னும் வராத ஒரு வினைக்காக நிறுத்தி வைக்கவேண்டும். ஜப்பானிய மொழியில் இதே அமைப்பைப் பலர் ஆராய்ந்து, பெயரெச்சத்துக்குப் பின்வரும் பெயரில் வேகம் குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

பேச்சுத்தமிழில் இது இன்னும் நுட்பமாகிறது. 'அடிச்ச' என்றால் பெயரெச்சம். 'அடிச்சா' என்றால் அடித்தாள். வித்தியாசம் கடைசி உயிரின் நீளம் மட்டும்தான். அதற்கு மேல் 'அடிச்சா' என்பதே 'அடித்தாள்' என்றும் ஆகும், 'அடித்தால்' என்றும் ஆகும். "கமலா குழந்தைய அடிச்சா" என்று கேட்டவருக்கு, வாக்கியம் முடிந்ததா, "...நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று தொடருமா என்று எது சொல்கிறது? குரல்தான். முடிந்தால் சுருதி கீழே இறங்கும். தொடர்வதானால் ஏறியோ சமமாகவோ நிற்கும். எழுத்தில் படிக்கும்போது இந்த உதவி இல்லை. அதனால்தான் பேச்சுவழக்கில் எழுதிய உரையாடலைச் சில சமயம் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

தடுக்கி விழுந்தவர் முழுதாக எழுந்துவிடுகிறாரா? இங்கே முடிவுகள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. கீல் கிறிஸ்டியன்சன் குழுவினர் 2001-இல் ஆங்கிலத்தில் "அன்னா உடுத்திக்கொண்டிருந்தபோது குழந்தை விளையாடியது" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். ஆங்கிலச் சொல்வரிசையில் அது முதலில் "அன்னா குழந்தைக்கு உடுத்தினாள்" என்று தோன்றும். வாக்கியம் முழுதும் முடிந்தபின், குழந்தை விளையாடியது என்பதைச் சரியாகச் சொன்னவர்களிலேயே பலர், அன்னா குழந்தைக்கு உடுத்தினாளா என்ற கேள்விக்கும் ஆம் என்றார்கள். திருத்தம் நடந்தபின்னும் பழைய பொருள் மனதில் தங்கிவிட்டது. நம் கமலாவின் மேலும் அந்தப் பழி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்மறைக்கும் இந்தக் குணம் உண்டு. மூளையின் மின்னலைகளில், பொருந்தாத சொல்லைக் கேட்ட 400 மில்லி விநாடியை ஒட்டி உச்சம் தொடும் ஓர் அலை உண்டு; மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் கண்டது, என்400 என்பார்கள். 1983-இல் ஃபிஷ்லர் குழுவினர் "ராபின் மரம் இல்லை" என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தபோது (ராபின் ஒரு பறவை), அது உண்மையாக இருந்தும் 'மரம்' என்ற சொல்லில் அந்த அலை பெரிதாகவே வந்தது. அங்கே 'நாட்' முன்னாலேயே வந்திருந்தது, அப்போதும் பயன்படவில்லை. ஆனால் யாரும் இயல்பாகப் பேசும்போது 'ராபின் மரம் இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். மந்தே நியூலண்டும் ஜீனா கூப்பர்பெர்க்கும் 2008-இல், எதிர்மறை சொல்லக் காரணமுள்ள வாக்கியங்களைக் கொடுத்தபோது மனம் அதை உடனே கணக்கில் எடுத்தது. தமிழில் 'இல்லை' கடைசியில் வந்தாலும் யாரும், ஒன்றும், ஒருபோதும், இன்னும், அவ்வளவாக போன்றவை முன்கூட்டியே கொடி காட்டிவிடும். "அங்க யாரும்..." என்றதும் பாதி 'இல்லை' வந்தாயிற்று.

முன்னூகம் எவ்வளவு நுணுக்கமானது என்பதில்தான் இன்று பெரிய சர்ச்சை. 2005-இல் டிலாங், அர்பாக், கூட்டாஸ் மூவரும், வரப்போகும் ஆங்கிலச் சொல் 'கைட்' (பட்டம்) என்று எதிர்பார்க்கும் இடத்தில் 'எ'க்குப் பதில், உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் மட்டும் வரும் 'ஆன்' வந்தாலே மூளை திடுக்கிடுகிறது, அதாவது இன்னும் வராத சொல்லின் முதல் ஒலிவரை ஊகித்துவிடுகிறது என்று காட்டினார்கள். 2018-இல் 9 ஆய்வகங்கள் 334 பேரைக் கொண்டு அதைத் திரும்பச் செய்தபோது, பெயர்ச்சொல்லில் வரும் விளைவு கிடைத்தது. 'எ', 'ஆன்' மீதான விளைவு கிடைக்கவில்லை. ஆகவே எந்த மாதிரிப் பொருள் வரும் என்று மனம் ஊகிக்கிறது என்பதை நம்பலாம். எழுத்துக்கு எழுத்து ஊகிக்கிறது என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

ஆங்கிலக்காரர்கள் நம்மைவிட முந்துகிறார்களா என்பதற்கு மறைமுகமான ஒரு விடை, பதில் சொல்லும் வேகத்தில் இருக்கிறது. தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-இல் 10 மொழிகளில், ஆம்-இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளியை அளந்தார்கள். மொத்தச் சராசரி 200 மில்லி விநாடியை ஒட்டி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே 600 மில்லி விநாடி தேவைப்படும்போது, எதிராளி முடிப்பதற்குள் பதில் தயாரிக்கத் தொடங்கினால்தான் இது சாத்தியம். பத்து மொழிகளிலும் மிகக் குறைந்த இடைவெளி ஜப்பானிய மொழியில். அது கிட்டத்தட்ட சுழி. வினையையும் கேள்விக் குறிப்பையும் கடைசியில் வைக்கிற மொழி அது. கடைசிவரை காத்திருந்து புரிந்துகொள்பவர்கள் இப்படிப் பதில் சொல்லவே முடியாது.

நினைவுக்கு உண்மையான பாரம் எப்போது ஏறும் என்றால், ஒரே மாதிரியான பெயர்கள் வினையில்லாமல் வரிசையாக நிற்கும்போது. "அப்பா அம்மா தம்பி பணம் எடுத்ததாகச் சொன்னதை நம்பினார்" என்று கேட்டால் மூன்று எழுவாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், எது எந்த வினைக்கு என்று குழம்பும். அதையே "தம்பி பணம் எடுத்ததாக அம்மா சொன்னதை அப்பா நம்பினார்" என்றால் குழப்பமே இல்லை. ஒவ்வொரு எழுவாயும் தன் வினையோடு சேர்ந்து முடிச்சாகி, கையை விட்டு இறங்கிவிடுகிறது. சொற்கள் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். பிறர் காதுக்காகப் பேசுகிறவர்கள், அதாவது செய்தி வாசிப்பவர்களும் ஆசிரியர்களும் மருந்தகத்தில் நிற்பவர்களும், இந்த ஒரு மாற்றத்தைப் பழகிக்கொண்டாலே பெரிய உதவி.

மருந்து சொல்லும் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே தவறாகக் கேட்டால் உடம்பு பாதிக்கும். "இந்த மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு சேர்த்து எடுத்துக்கக் கூடாது" என்றால், பாலோடு மாத்திரை விழுங்கும் படம் மனதில் முழுதாக வரைந்தாயிற்று, பிறகுதான் 'கூடாது'. அதோடு, கூடாதது பாலா, ராத்திரியா என்பதும் தெளிவில்லை. "இந்த மாத்திரைக்குப் பால் ஆகாது. தண்ணியில முழுங்குங்க. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒண்ணு." இப்படி உடைத்தால் ஒவ்வொரு துண்டும் வரும்போதே சரியாக அமர்ந்துவிடும். காது மந்தமான பெரியவர்களிடமும் இரைச்சலான இடத்திலும் இன்னொரு ஆபத்து: தமிழில் வாக்கியத்தின் முடிவை முடிவுசெய்கிற ஒலிகள் குரல் தணிகிற இடத்தில் வருகின்றன. 'வரல' என்பதற்கும் 'வரலாம்' என்பதற்கும் நடுவில் இருப்பது கடைசி உயிரின் நீளமும் கொஞ்சம் மூக்கோசையும்தான். அந்த இடத்தில் குரலை இறக்காமல் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "எப்படி எடுத்துக்கப் போறீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள்.